வேம் போட்டும் புழு வருதே, அண்ணாச்சி!

போன மாதம் நாற்றங்காலில் வேர் உட்பூசணம் போடுவதைப் பற்றி நாலு வரி எழுதினேன். கடைகளில் 'வேம்' (VAM) என்று கேட்டால்தான் அந்தப் பொடியை எடுத்துத் தருவார்கள், படித்தவர்கள் மைக்கோரைசா என்பார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியவைதான். கொஞ்சம் பாராட்டு, மிச்சம் வசவு. வசவை முதலில் பார்த்துவிடுவோம்.

"நாற்றுப் பாத்தியில் வேம் பொடி போட்டுத்தான் அரை ஏக்கர் கத்தரி நட்டேன். 'இதைப் போட்டால் புழுவே வராது' என்று உரக்கடையில் சொன்னார்கள். அடியுரமாக ரெண்டு மூட்டை டிஏபி போட்டேன். நட்ட மறுநாள் வேரழுகல் வரக்கூடாது என்று பூஞ்சாணக்கொல்லியும் தூரில் ஊற்றினேன். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஆனால் நாற்பது நாளில் கொழுந்து வாட ஆரம்பித்து, இப்போது பறிக்கிற கூடையில் மூன்றில் ஒரு பங்கு சொத்தை. நீங்களும் அதைத்தானே எழுதினீர்கள்? இது ஏமாற்று வேலையா?"
— கத்தரி விவசாயி, கீழப்பாவூர்

உரக்கடைக்காரர் சொன்னதை நான் எழுதவில்லை, தம்பி. 'பூச்சியைத் தாங்குகிற தெம்பு கூடும்' என்றுதான் எழுதினேன். அவர் பேச்சுக்கும் என் எழுத்துக்கும் பாவூர்சத்திரத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் உள்ள தூரம்.

முதலில் உங்கள் புழுவைப் பார்ப்போம். கத்தரித் தண்டுத் துளைப்பான் முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்தில் கொழுந்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். புகுந்ததும் தன் கழிவாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். உள்ளே போய்க் கதவைச் சாத்தியவனை, நீங்கள் வாரம் ஒருமுறை அடிக்கிற மருந்தே தொடுவதில்லை. வேரில் குடியிருக்கிற பூசணம் எங்கே தொடும்? அதற்கு வேலை கைதான். வாடின கொழுந்தைப் புழு இருக்கிற இடத்துக்கு ஒரு விரக்கடை கீழே கிள்ளுங்கள். கிள்ளினதை வரப்பில் போட்டுவிட்டு வராதீர்கள், கொளுத்திவிடுங்கள். சொத்தைக் காயை மாட்டுக்கு என்று ஓரத்தில் குவித்து வைக்கிறவர்களும் உண்டு. மாடு வருவதற்குள் அந்துப்பூச்சி பறந்துவிடும். இனக்கவர்ச்சிப் பொறியும் கட்டுங்கள்.

அப்படியானால் வேம் எதற்கு என்று கேட்பீர்கள். இந்தப் பூசணம் வேருக்குள்ளே வந்து தங்கும். வெளியே தலைமுடியைவிட மெல்லிய இழைகளை, வேர் எட்டாத தூரத்துக்கு ஓட்டும். நம் செம்மண்ணில் இரும்பும், கரிசலில் சுண்ணாம்பும் பிடித்து வைத்திருக்கிற மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, அந்த இழை கொண்டுவந்து கொடுக்கும். துத்தநாகமும் வரும். பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கும். இலையில் சமைப்பதில் நூற்றுக்கு 4 பங்கிலிருந்து 20 பங்கு வரை இதற்குப் போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பழைய உறவு இது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் 40 கோடி வருஷத்துப் பாறையில், அந்தக் காலத்துச் செடியின் உடம்புக்குள் இதே மாதிரிப் பூசணம் கல்லாகிக் கிடைத்திருக்கிறது. அந்தச் செடிக்கு வேர் என்று சொல்லும்படி ஒன்று அப்போது கிடையாது. வேர் வருவதற்கு முன்பே இந்தக் கூட்டாளி வந்துவிட்டான்.

பூச்சிக்கு எதிரான சங்கதி இந்த உறவின் ஓரத்தில் நடக்கிறது. பூசணம் உள்ளே நுழையும்போது செடி முதலில் கள்ளன் என்று நினைத்துக் கொஞ்சம் சத்தம் போடும். பிறகு ஆளைத் தெரிந்துகொண்டு அடங்கும். ஆனால் முழுக்க அடங்குவதில்லை. வீட்டில் விருந்தாளி தங்கியிருக்கிற ராத்திரி நாய் அரைத்தூக்கம்தான் தூங்கும் பாருங்கள், அந்த மாதிரி. அப்புறம் ஒரு புழு வந்து இலையைக் கடித்தால், பூசணம் இல்லாத செடியைவிட இது சீக்கிரமாகவும் பலமாகவும் பதில் கொடுக்கும். அந்த அபாயச் சத்தத்தின் பெயர் ஜாஸ்மோனிக் அமிலம். பெயரிலேயே மல்லி இருக்கிறதே என்று பார்த்தால், அதன் உறவுக்காரப் பொருளை 1962இல் முதலில் பிரித்தெடுத்ததே ஒரு மல்லிகை எண்ணெயிலிருந்துதான். எந்த மல்லிகை? நம் ஊர்ப் பெண்கள் கட்டித் தலையில் வைக்கிற பிச்சி! எனக்கு இதைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்தச் சத்தம் கேட்டதும் இலை ஒருவிதமான புரதத்தைச் செய்யும். அது புழுவின் வயிற்றில் செரிமானத்தைக் கெடுக்கும். தக்காளி, உருளைக்கிழங்கு இலையைக் காயப்படுத்தினால் இது சேருகிறது என்று அமெரிக்காவில் 1972லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். புழு தின்னும், ஆனால் உடம்பில் ஒட்டாது. வளர நாளாகும். நாளாக நாளாகக் குளவிக்கும் குருவிக்கும் அகப்படும். சீனாவில் தக்காளியில் சோதித்தபோது, பூசணம் சேர்ந்த செடியைத் தின்ற காய்ப்புழு நோஞ்சானாக இருந்தது. ஜாஸ்மோனிக் அமிலம் செய்யத் தெரியாத ஒரு தக்காளி ரகத்தில் அந்தப் பலன் காணாமல் போனது. ஆக, கொல்வது பூசணம் இல்லை. செடியைத் தட்டி எழுப்பி வைப்பதோடு அதன் வேலை முடிந்தது.

இதில் இன்னொரு கசப்பும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இலையைக் கடித்துத் தின்னும் புழுவுக்குத்தான் இந்த வித்தை நன்றாக எடுபடும். அசுவினி போலச் சாறு உறிஞ்சுகிறவர்களுக்குப் பல சமயம் இது விருந்து. செடி செழிப்பாக இருக்கிறதல்லவா, சாறும் ருசியாக இருக்கும். வேம் போட்ட பாத்தியில் அசுவினி கூடியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கிற ரெண்டு வரிக்கு வருகிறேன். அரை ஏக்கருக்கு ரெண்டு மூட்டை டிஏபி. நூறு கிலோவில் 46 கிலோ மணிச்சத்து. வேர் பக்கத்திலேயே இத்தனை மணிச்சத்து கிடந்தால், செடி எதற்குச் சர்க்கரை கொடுத்துக் கூட்டாளி வைத்துக்கொள்ளும்? கதவைத் திறக்காது. மறுநாள் பூஞ்சாணக்கொல்லி வேறு. வேம் என்ன, அதுவும் பூஞ்சாணம்தானே! தப்பித்தவறி உள்ளே வந்ததையும் நீங்களே ஊற்றிக் கொன்றிருக்கிறீர்கள். ஒன்றிலும் குறை வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குறை வைத்திருந்தால் கொஞ்சமாவது பிழைத்திருக்கும், தம்பி.

"பிசானத்துக்கு நாற்றுப் பாவப் போகிறேன். நெல்லுக்கும் வேம் போடலாமா? குருத்துப்பூச்சி குறையுமா?"
— வாசகர், வீரவநல்லூர்

தண்ணீர் கட்டி நிற்கிற வயலில் இந்தப் பூசணம் சுகப்படாது. அதற்கும் மூச்சு வேண்டும். குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டுங்கள். உமிச் சாம்பல் கிடைத்தால் வயலில் வீசுங்கள். அதில் இருக்கிற மணல்சத்து நெல் தண்டில் ஏறினால் புழுவின் பல்லுக்குக் கஷ்டம்.

"தாத்தா, செடிகள் மண்ணுக்கடியில் பூஞ்சாண இழை வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று எங்கள் மிஸ் சொன்னார்கள். உண்மையா? கதையா?"
— பத்தாம் வகுப்பு மாணவி, அம்பாசமுத்திரம்

என்னைத் தாத்தா ஆக்கிவிட்டாய், மகளே. போகட்டும். உன் மிஸ் சொன்னதில் உண்மை இருக்கிறது, கொஞ்சம் கதையும் ஒட்டியிருக்கிறது.

உண்மையான பகுதி இது. 2013இல் பிரிட்டனில் ஒரு சோதனை செய்தார்கள். நடுவில் ஒரு அவரைச் செடி. நம் வீட்டு அவரை இல்லை, அவர்கள் ஊர் அவரை. சுற்றி நாலு செடி. சில செடிகளுக்கு நடுச்செடியோடு பூசண இழை வழியாகத் தொடர்பு இருந்தது. சிலவற்றுக்கு இழைகூட நுழைய முடியாத சன்னமான வலையை நடுவே வைத்து மறித்துவிட்டார்கள். வாசனை காற்று வழியாகப் போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு செடியையும் பையால் மூடினார்கள். நடுச்செடியில் மட்டும் அசுவினியை விட்டார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், இழைத் தொடர்பு இருந்த செடிகள், அசுவினி ஒன்றுகூட ஏறாதபோதே, அசுவினிக்குப் பிடிக்காத வாசனையை விட ஆரம்பித்திருந்தன. அசுவினியின் உடம்பில் முட்டையிடுகிற குட்டிக் குளவிக்கு அதே வாசனை அழைப்பு மாதிரி. வலை மறித்த செடிகளுக்கு ஒரு சேதியும் போகவில்லை.

அடுத்த வருஷம் சீனாவில் தக்காளியில் இதே மாதிரி வெளியிட்டார்கள். அங்கே விட்ட பூச்சி நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த புரோடீனியாப் புழு.

கதை எங்கே என்றால், 'பேசிக்கொள்கின்றன' என்பதில்தான். பக்கத்து வீட்டில் கள்ளன் வந்த சத்தம் நம் காதில் விழுந்தால் நாம் கதவைத் தாழ்போடுவோம். அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் நம்மோடு பேசினார் என்று சொல்வோமா? இவையெல்லாம் தொட்டிக்குள் நடந்த சோதனைகள் என்பதையும் மனதில் வைத்துக்கொள். மாட்டுக்கால் மிதித்து, ரோட்டவேட்டர் ஓடி, இழை தினம் அறுந்துகொண்டிருக்கிற தோட்டத்தில் இந்தச் சேதி எவ்வளவு தூரம் போகும் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. உன் மிஸ்ஸிடம் நான் கேட்டதாகச் சொல்.

"வாழையில் தண்டுக் கூன்வண்டு. பிவேரியா போடு என்கிறார் ஒருவர், வேம் போடு என்கிறார் இன்னொருவர். ரெண்டும் பூஞ்சாண மருந்துதானே, ஒன்றைப் போட்டால் போதாதா?"
— வாழை விவசாயி, களக்காடு

ரெண்டும் பூஞ்சாணம்தான். ஆனால் கொத்தனாரும் தச்சரும் ஒன்று என்று சொல்ல முடியாது. வேம் உயிருள்ள வேர் இல்லாமல் வளராது. பூச்சியைத் தொடவும் செய்யாது. பிவேரியாவும் மெட்டாரைசியமும் பூச்சியைக் கொல்கிற சாதி. பூச்சி தின்ன வேண்டும் என்றுகூட இல்லை. வித்து மேலே ஒட்டினால் போதும், தோலைத் துளைத்து உள்ளே போகும். கூன்வண்டுக்கு உங்களுக்கு வேண்டியது பிவேரியா. வெட்டின வாழைத்தண்டை ஒரு முழ நீளத்துக்கு நறுக்கி, நெடுக ரெண்டாகப் பிளந்து, வெட்டு முகத்தில் பிவேரியாவைக் குழைத்துப் பூசி, அந்த முகம் மண்ணைப் பார்க்கிற மாதிரி தூருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள். வண்டு அந்தச் சாற்று வாசனைக்கு வரும். வந்த வண்டைப் பிடித்து அழித்தாலும் சரி, பூசின பொடியோடு அது போனாலும் சரி. தண்டு காய்ந்தால் புதுசு மாற்ற வேண்டும்.

மெட்டாரைசியம் என்று சொன்னேன் அல்லவா, அதை என் எருக்குழியில் நேரிலேயே பார்த்தேன். ஐப்பசி மழை முடிந்து எரு அள்ளும்போது மம்பட்டியில் காண்டாமிருக வண்டின் புழு ஒன்று புரண்டது. கட்டைவிரல் பருமன். உயிரோடு இருந்தால் கொழகொழவென்று சுருளும். இது விறைத்து, சுண்ணாம்புக் கட்டி போல இருந்தது. மேலே வெள்ளைப் படலம், மடிப்புகளில் பாசி நிறத்தில் பச்சைத் தூள். மூன்றாம் நாள் பார்த்தபோது முழுதும் பச்சை. விரலால் தொட்டால் திருநீறு மாதிரி ஒட்டியது. அந்தத் தூளில் ஒவ்வொன்றும் ஒரு வித்து. புழுவை எடுத்து எறியாமல் திரும்ப எருவுக்குள்ளேயே புதைத்தேன்.

இந்த மெட்டாரைசியத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது, அதனால்தான் உங்கள் கேள்வி எனக்குப் பிடித்தது. இது வேரிலும் வாழும். 2012இல் கனடாவில், அடையாளம் வைத்த தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, புழுவின் உடம்பில் ஏற்றி, அந்தப் புழுவை மண்ணில் வைத்தார்கள். மெட்டாரைசியம் அதைக் கொன்றது. கொஞ்ச நாளில் அந்தத் தழைச்சத்து பக்கத்தில் இருந்த பீன்ஸ் செடியில் இருந்தது! பூச்சியைக் கொன்று, அதன் சத்தைச் செடிக்கே கொடுத்திருக்கிறது. சுடலைமாடனுக்கு ஆடு வெட்டி ஊருக்கே பங்கு வைக்கிற மாதிரி என்று என் மயினி சொன்னாள்.

வாழைக்கு வேம் வீண் என்று நினைக்காதீர்கள். கன்று நடும்போது குழியில் போட்டால் வேருக்கு நல்லது. கூன்வண்டுக்காக அதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

"அண்ணாச்சி, நீங்கள் எழுதினதை நம்பித் தண்டங்கீரைக்கு வேம் போட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை."
— வாசகி, சேரன்மகாதேவி

என் தப்புதான், தங்கச்சி. எழுதியிருக்க வேண்டும். தண்டங்கீரைச் சாதியும், முட்டைக்கோசு, கடுகு, முள்ளங்கிச் சாதியும் இந்தப் பூசணத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வதில்லை. மிச்சப் பொடியை மிளகாய் நாற்றுக்குப் போடுங்கள்.

"பாக்கெட் விலை கட்டுப்படி ஆகவில்லை. வேம் பொடியை வீட்டிலேயே செய்ய முடியுமா? எவ்வளவு போட வேண்டும், எப்படிப் போட வேண்டும்?"
— வாசகர், ஆலங்குளம்

முடியும். நான் இருபது வருஷத்துக்கும் மேலாக நாற்று விற்கிறேன். அதில் பாதிக் காலம் சொந்தப் பொடிதான்.

பல வருஷம் மம்பட்டி படாத இடமாகப் பாருங்கள். பனையடி, ஆடு மேய்கிற பொட்டல், கொழுஞ்சி தானாக முளைத்துக் கிடக்கிற வரப்பு. மேலாக ஒரு சாண் ஆழத்தில், சல்லிவேரோடு சேர்த்து மண் எடுங்கள். அதைப் போல நாலைந்து மடங்கு மணல் சேருங்கள். ஆற்று மணல் கிடைக்கிற காலமா இது, வீட்டு வேலையில் மிஞ்சினது இருந்தால் உண்டு. பழைய உரச்சாக்கிலோ தொட்டியிலோ நிரப்பி, நெருக்கமாக மக்காச்சோளம் விதையுங்கள். உரம் கூடவே கூடாது. செடி கொஞ்சம் பட்டினி கிடந்தால்தான் கூட்டாளியைத் தேடும். ரெண்டு மாதம் வளர்த்து, கடைசிப் பத்து நாள் தண்ணீரை நிறுத்துங்கள். செடி சாகப் போகிறது என்று தெரிந்து பூசணம் வித்துக் கட்டும். தட்டையை மாட்டுக்குப் போட்டுவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி மண்ணோடு கலந்து நிழலில் உலர்த்துங்கள்.

எங்கிருந்து மண் எடுக்கக் கூடாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். ஒரு வருஷம் சோம்பல்பட்டு, வாசலுக்கு எதிரே இருந்த கத்தரித் தோட்டத்து ஓரத்தில் மண் எடுத்தேன். அதில் செய்த பொடியைத் தக்காளி நாற்றுக்குப் போட்டேன். நாற்று வெளியே பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருந்தது. வாங்கிக்கொண்டு போனவர் நட்டு ஒரு மாதத்தில் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வேர் முழுக்கப் பாசிமணி கோர்த்த மாதிரி முடிச்சு. வேர்முடிச்சு நூற்புழு. பூசணத்தோடு அதையும் நான்தான் வளர்த்து விற்றிருக்கிறேன். ஒரு பேச்சும் பேசாமல் அந்தச் செடியை என் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார். மூன்று பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆகவே கத்தரி, தக்காளி, மிளகாய் ஓடின மண் பக்கமே போகாதீர்கள்.

அளவு: வாங்கின பொடி என்றால் நாற்றுப் பாத்தியில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம். விதைக்கு ரெண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இருக்கும்படி போட வேண்டும். பாலித்தீன் பை நாற்றுக்குப் பைக்கு 5 முதல் 10 கிராம். நடவு குழியில் போடுவதானால் நாற்றுக்கு 20 கிராம். வளர்ந்த மரத்துக்கு 200 கிராம். வீட்டுப் பொடிக்கு நான் இதைப்போல் ரெண்டு மடங்கு போடுகிறேன். முளைத்து வருகிற வேர் பொடியைத் தொட வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். போன வருஷம் ஒருவர் இதைத் தண்ணீரில் கரைத்துப் பவர் ஸ்பிரேயரில் இலைக்கு அடித்துவிட்டு 'கேட்கவில்லை' என்றார். செருப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கால் சுடுகிறது என்றால் யார் என்ன செய்வது?

"பூசணம் வேரில் சேர்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்க முடியுமா?"
— வாசகர், வள்ளியூர்

வெறும் கண்ணுக்குத் தெரியாது. அவரை வேரில் முடிச்சுத் தெரிகிற மாதிரி இதில் ஒன்றும் இராது. ஆனால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பும், மனசுள்ள ஒரு உயிரியல் வாத்தியாரும் இருந்தால் போதும். நான் அப்படித்தான் பார்த்தேன்.

சன்னமான வேர்களைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். வாத்தியார் அவற்றைக் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் போட்டுச் சூடாக்கினார். கையில் பட்டால் பொத்துவிடும், அதனால் இதை வீட்டு அடுப்பில் செய்யாதீர்கள். வேர் வெளுத்துக் கண்ணாடி மாதிரி ஆனது. நன்றாக அலசி, வினிகரில் பேனா மையைக் கொஞ்சம் கலந்து அதில் ஊறவிட்டார். சாயம் வாங்கக் காசில்லாத ஊருக்கு யாரோ புண்ணியவான் கண்டுபிடித்த வழி. மறுபடி வெறும் வினிகர் கலந்த தண்ணீரில் அலசி, கண்ணாடித் துண்டில் வைத்து நசுக்கினார்.

"பாருங்க அண்ணாச்சி" என்று நகர்ந்தார். முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. பிறகு செங்கல் அடுக்கின மாதிரி வேரின் அறைகள். அறைகளுக்கு இடையில் நீல நூல் ஒன்று ஓடியது. அது ஒரு அறைக்குள் திரும்பி, பிரிந்து, மறுபடி பிரிந்து, இலையுதிர்ந்த வேப்பமரம் போல நின்றது. பக்கத்து அறையில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. வேம் போடாத நாற்றின் வேரையும் கொண்டு போயிருந்தேன். அதிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ரெண்டு மரம் நின்றது. மண்ணில் ஏற்கெனவே இருந்தது வந்து சேர்ந்திருக்கிறது. டிஏபி போட்ட பாத்தியின் வேரில் அறைகள் மட்டும் இருந்தன.